கீழ்த்தட்டில் ஓர் இடம்

ஜூஹன்னுஸ் என்னும் நடுக்கோடைத் திருநாளுக்கு ஏரிக்கரையில் மொக்கி (கோடைக்குடில்) எடுத்திருக்கும் தாம்பெரே தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலை உங்களில் ஒருத்தி என்னிடம் காட்டினாள். பெரியவர்கள் 14 பேர், பிள்ளைகள் 5 பேர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் 3 பேர். பிரியாணிக்கு யார் அரிசி, யார் கறி, யார் பெரிய அண்டா என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறீர்கள். கிரிக்கெட் மட்டை, ஸ்பீக்கர், இரண்டு பெட்டி பியர் வரைக்கும் ஆள் குறித்தாகிவிட்டது. கடைசி வரியில் மட்டும் “இரவு: சவுனா” என்று போட்டு நிறுத்திவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஊரில் பத்திரிகைகள் ‘சானா’ என்று எழுதும். இங்கே வந்த ஒரு வாரத்திலேயே நம் நாக்கு ‘சவுனா’வுக்குப் பழகிவிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

சவுனா உங்களுக்குப் புதிதில்லை என்று தெரியும். 56 லட்சம் பேர் வாழும் இந்த ஃபின்லாந்தில் 30 லட்சத்துக்கும் மேல் சவுனாக்கள் இருக்கின்றன. உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒன்று இருக்கும், வாரம் ஒரு மணி நேரம் உங்கள் முறை வரும். புருஷனும் பெண்சாதியுமாகப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பீர்கள். மின்சார அடுப்பு, சுவரில் குமிழ், குளித்துவிட்டு மேலே வந்தால் வீடு. அது வேறு. 22 பேரைக் கூட்டிக்கொண்டு, விறகு அடுப்பும் ஏரியும் இருக்கும் இடத்தில் சவுனா நடத்துவது வேறு. அங்கே நீங்கள் விருந்து வைப்பவர்கள். வருகிறவர்களின் உடம்பு ஒரு மாலைப்பொழுதுக்கு உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம். இதேபோல ஓர் ஏரிக்கரை. பெண்கள் முறை நடந்துகொண்டிருந்தது. சிநேகிதி ஒருத்தியின் அம்மா, கரூர்ப் பக்கம், மகளின் பிரசவத்துக்காக வந்திருந்தவர், எங்களோடு உள்ளே வந்தார். பழைய பருத்திச் சேலையை மார்போடு முடிந்துகொண்டு மேல்தட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்து ஆவி எழும்பி முதுகைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். “பிள்ளை பெத்தவளுக்கு நொச்சித் தழை போட்டு ஊத்துவமே, அந்த மாதிரியே இருக்குது கண்ணு” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் கிராமத்துப் பெண்கள் பிள்ளை பெற்றது சவுனாவில்தான். வீட்டிலேயே சுத்தமான, சூடான, வெந்நீருக்குக் குறைவில்லாத இடம் அதுதான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

ஏழெட்டு நிமிஷம் போனது. “போதும் கண்ணு, எறங்கிக்கறேன்” என்றார். நான் விடவில்லை. “இன்னும் ரெண்டே நிமிஷம்மா, இப்பதான் சூடு பிடிக்குது.” என் மனம் கோணக் கூடாதே என்று அவர் உட்கார்ந்தார். அடுத்த கரண்டி. அதற்கடுத்த கரண்டி. பிறகு சட்டென்று எழுந்தார், இரண்டு படி இறங்கினார், கதவைத் திறந்து உடை மாற்றும் அறையில் கால் வைத்ததும் கொடியிலிருந்து துணி நழுவுவதுபோல அப்படியே சரிந்தார். மர பெஞ்சின் விளிம்புக்கும் அவர் நெற்றிக்கும் இடையே ஒரு விரற்கடை இருந்திருக்கும்.

தரையில் நீட்டிப் படுக்கவைத்து, கால்களை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். மகள் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தாள். ஒரு நிமிஷத்துக்குள் கண் திறந்துவிட்டார். “காலையில பிரஷர் மாத்திரை போட்டனே” என்று அவராகச் சொன்னபோதுதான், அதை நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வேகமாக நடக்கிறவனுக்குத் துடிப்பதுபோல இதயம் துடிக்கிறது, ஆனால் இரத்த அழுத்தம் இறங்கும் பக்கமாகவே போகிறது. அந்த நிலையில் திடீரென்று எழுந்து நின்றால் மூளைக்குப் போக வேண்டிய இரத்தம் காலில் தங்கிவிடுகிறது. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மேல்தட்டிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் கீழ்த்தட்டில் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பிறகு எழுந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

ஆனால் அன்று அந்த அம்மாவைச் சாய்த்தது என் உபசாரம். நாம் விருந்தாளியை வற்புறுத்திப் பழகியவர்கள். “இன்னொரு இட்லி வைங்க, இது என்ன சாப்பாடு” என்று சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். போதும் என்று இலையை மறைத்துக் கையை வைத்தால், அந்தக் கையை விலக்கிவிட்டுப் பரிமாறுவதுதான் நமக்கு அன்பு. இலையில் கூடுதலாக விழுந்த ஓர் இட்லியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 80 டிகிரிச் சூட்டில் கூடுதலாக இரண்டு நிமிஷம் என்பது அப்படியில்லை. சவுனாவில் விருந்தோம்பலை நாம் தலைகீழாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது: போதும் என்று ஒருவர் வாயைத் திறக்கும்போதே கதவுக்கு வழிவிட்டு விலகுவதுதான் இங்கே உபசாரம். அதைக் கேட்க வைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுவது அதைவிட நல்ல உபசாரம். “யாரும் எப்ப வேணும்னாலும் வெளிய போகலாம், திரும்ப வரலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்.” உள்ளே நுழைவதற்கு முன், எல்லோருக்கும் கேட்கும்படி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வற்புறுத்தலுக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு, பந்தயம். உங்களில் இளவட்டங்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஹெய்னோலா என்ற ஊரில் 1999 முதல் உலகச் சவுனாப் போட்டி நடந்துவந்தது. 110 டிகிரி அறை. அரை நிமிஷத்துக்கு ஒரு முறை கல்லில் அரை லிட்டர் தண்ணீர். கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்குப் பட்டம். 2010 ஆகஸ்டில் இறுதிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், ஒரு ரஷ்யர், ஒரு ஃபின்னியர். ஆறு நிமிஷம் ஆனபோது இருவரையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருந்தது. ரஷ்யர் இறந்துபோனார். மற்றவருக்கு மிகக் கடுமையான தீக்காயம். அதற்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கவேயில்லை. இருவரும் பல வருடம் பழக்கமுள்ளவர்கள். உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்கு எங்கே எல்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சில சமயம் அவருக்கே தெரியாது. ஆகவே “யார் கடைசிவரைக்கும்” என்று ஒருவர் தொடங்கினால், வீட்டுக்காரர் என்ற முறையில் நீங்கள் முதல் ஆளாக எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பந்தயம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி நீங்கள் மொக்கியில் கூடப்போகும் வெள்ளிக்கிழமை மாலைக்கு வருவோம்.

அந்த மொக்கியின் சவுனாவை எனக்குத் தெரியும். மேல்தட்டில் நான்கு பேர், நெருக்கிக்கொண்டால் ஐந்து பேர். இட்லிக் கொப்பரையில் எத்தனை குழியோ அத்தனைதான் வேகும். ஈடு ஈடாகத்தான் போக வேண்டும். முதல் ஈடு, வயதானவர்களும் பிள்ளைகளும். அடுப்பு அப்போதுதான் சூடேறியிருக்கும், 60 டிகிரியைத் தாண்டியிருக்காது. அவர்களுக்கு அதுவே தாராளம். பிறகு பெண்கள் இரண்டு ஈடு. பிறகு ஆண்கள். ஜூன் கடைசியில் இங்கே இருட்டப்போவதில்லை, அவசரம் எதற்கு?

அடுப்பைக் கியுவாஸ் என்கிறார்கள். பழைய சாம்பலை அள்ளிவிட்டு, புகைப்போக்கியின் தகடு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீ மூட்டுங்கள். காய்ந்த பிர்ச் விறகு, சின்னச் சின்னதாகப் பிளந்தது. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். சுவரில் இருக்கும் வெப்பமானி 80 காட்டுகிறதே என்று உள்ளே போய்விடாதீர்கள். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், கல் மெதுவாகத்தான் சூடாகும். ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தோசைக் கல்லில் தெளித்தது மாதிரி சுரீர் என்று சீறி மறைந்தால் பதம். கல்லின் இடுக்கில் வழிந்து கீழே சொட்டினால் இன்னும் ஒரு ஈடு விறகு வேண்டும்.

தகட்டைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். சூடு வீணாகப் போகிறதே என்று தணல் இருக்கும்போதே அதை மூடுகிறவர்கள் உண்டு. தணலில் நீல நிறச் சுடர் ஒன்று ஓடினாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலியும் சோர்வும்தான் அறிகுறி, சவுனாவில் அதைச் சூட்டின் களைப்பு என்றே நினைத்துக்கொள்வோம். கடைசித் தணலும் சாம்பலாகும்வரை தகடு திறந்திருக்கட்டும். காற்று வரும் சன்னத் துவாரங்களை அடைக்காதீர்கள். உள்ளே இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு ஆராயலாம். மறுநாள் அள்ளும் சாம்பலை மூடியுள்ள தகரவாளியில் போட்டுக் கட்டடத்துக்குத் தள்ளி வையுங்கள். ஆறிய சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும். அப்புறம், ஏரியில் குளித்துவிட்டு வந்த நீச்சலுடைகளை அடுப்புக்கு மேலே காயப்போடும் ஆசை கட்டாயம் யாருக்காவது வரும். இந்த நாட்டில் சவுனாக்கள் தீப்பற்றுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வெளியே வேலியில் போடுங்கள்.

கல்லில் ஊற்றும் தண்ணீரிலிருந்து எழும் ஆவிக்கு இவர்கள் மொழியில் லொய்லு என்று பெயர். அந்தச் சொல்லுக்கு முற்காலத்தில் உயிர், ஆன்மா என்ற பொருள் இருந்தது. இந்த மொழிக்குத் தூரத்து உறவான ஹங்கேரிய மொழியில் அதே வேரிலிருந்து வந்த சொல் இன்றும் ஆன்மாவைத்தான் குறிக்கிறது. இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நமக்கு மட்டும் என்ன? இட்லிக் கொப்பரையிலிருந்து கிளம்புவதும் ஆவி, உடம்பை விட்டுப் போவதும் ஆவி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள் அடுப்பங்கரையில் ஒன்றையே கண்டுபிடித்திருக்கின்றன. ஃபின்னிய நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அதிகம் பேசாதவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்படிப்பட்ட பொருள் என்பதால்தான் ஊற்றுகிறவருக்கு ஒரு மரியாதை உண்டு, ஒரு கடமையும் உண்டு. ஊற்றும் முன், “போடலாமா?” என்று கேட்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் ஊற்றக் கூடாது. அரைக் கரண்டி போதும், ஆவி கூரையைத் தொட்டுத் தோளில் இறங்கும்வரை காத்திருந்து அடுத்தது. கல்லுக்கு மேலே குனிந்து நின்று ஊற்றினால் கையும் முகமும் வெந்துபோகும். பக்கவாட்டில் நின்று வீசுங்கள். நம் ஆட்கள் யாராவது நீலகிரித் தைலம் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நேரே கல்லில் விட்டால் தீப்பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு, அதுவும் எல்லோரையும் கேட்டுக்கொண்டு. ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

இங்கேயும் பழைய வழக்கப்படி சனிக்கிழமைதான் சவுனா நாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வளர்ந்த நமக்கு, நல்லெண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டே சூட்டில் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றும். மரத்தட்டு கறையாகும், அடுத்தவர் வழுக்கி விழுவார். எண்ணெய்க் குளியலை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சவுனாவுக்குள் போவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, உட்காரும் இடத்தில் ஆளுக்கொரு பருத்தித் துண்டு விரித்துக்கொள்வது இங்கத்திய ஒழுக்கம். நம் ஈரிழைத் துண்டு அதற்கென்றே நெய்ததுபோல இருக்கும்.

அடுத்தது, கூச்சப்பட்டு யாரும் பேசாமல் விட்டுவிடும் விஷயம். இவர்கள் சவுனாவில் ஆடையில்லாமல் உட்காருகிறார்கள். அதில் விகாரம் எதுவும் இல்லை. குடும்பம் குடும்பமாகவும், ஆண் பெண் தனித்தனியாகவும் அப்படியே பழகியிருக்கிறார்கள். நமக்கு அது வராது. வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை. உங்களோடு வரும் ஃபின்னிய நண்பர்களிடம், “எங்கள் பெண்கள் துணி சுற்றிக்கொண்டு உட்காருவார்கள்” என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். நான் பார்த்தவரை யாரும் முகம் சுளித்ததில்லை. மெல்லிய பருத்தி நல்லது. உடம்போடு ஒட்டும் செயற்கை இழை சூட்டில் இம்சை. உள்ளே வரவே விருப்பமில்லாதவர்களுக்கு வாசல் திண்ணையில் நாற்காலியும் சூடான டீயும் வையுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே மரியாதை அவர்களுக்கும் கிடைக்கட்டும். கைபேசி எதுவும் சவுனாக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது. படம் எடுப்பவர் நல்ல எண்ணத்தோடுதான் எடுப்பார், பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருக்க மாட்டார்.

பெண்களிடம் தனியாக ஒரு வார்த்தை. தாலிச் சங்கிலி. வளையலையும் கொலுசையும் கழற்றி வைத்துவிடுவோம், இதைக் கழற்ற மனம் வராது. உலோகம் சூடேறினால் கழுத்தைச் சுட்டுவிடும், எனக்கு ஒரு முறை கோடு போட்டதுபோலத் தழும்பு விழுந்தது. என் சிநேகிதி ஒருத்தி அன்றைக்கு மட்டும் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வருவாள். நான் இப்போது நனைத்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு அதற்குள் சங்கிலியை வைத்துக்கொள்கிறேன், கீழ்த்தட்டிலேயே உட்காருகிறேன். மாமியார்களிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

வரும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி, மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது. நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம். கர்ப்பிணிகள் இந்நாட்டில் சவுனாவுக்குப் போவது சகஜம்தான், ஆனால் அவர்கள் பிறந்ததிலிருந்து பழகியவர்கள். நம் தங்கைகள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். சவுனா இதயத்துக்கு நல்லது என்று ஆய்வு சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. கிழக்கு ஃபின்லாந்தில் நடுவயது ஆண்கள் 2,315 பேரை இருபது வருடம்போலத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். வாரம் நான்கு முதல் ஏழு முறை போகிறவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சவுனாவில் உட்கார்ந்தவர்களின் கணக்கு அது. மூன்று மாத விசாவில் வந்திருக்கும் நம் அப்பாவுக்கு, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், அதைக் காட்டி ஆசைகாட்டுவது நியாயமில்லை.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கவனமாகத்தான் இருப்பீர்கள். கீழ்த்தட்டு, ஐந்து நிமிஷம், பெரியவர் ஒருவர் எப்போதும் அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவில். வெந்நீர்த் தொட்டி அடுப்போடு ஒட்டியிருக்கும், அதில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். விளாவும்போது பாத்திரத்தில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறக் கூடாது.

இனி ஏரி. எனக்குப் பயம் அதிகம் இங்கேதான். நம்மில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வெட்கம். இங்கத்திய ஏரிகள் பலவற்றில் தண்ணீர் நீர்த்த டிகாஷன் நிறத்தில் இருக்கும், ஒரு கை ஆழத்துக்குக் கீழே எது இருக்கிறது என்று தெரியாது. மேலே இதமாக இருக்கும் தண்ணீர் இடுப்புக்குக் கீழே பனிக்கட்டிபோல இருக்கும். சூட்டிலிருந்து ஓடிவந்து குதித்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. தலைகீழாகப் பாய வேண்டாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கி, மூச்சு நிதானமானதும் கையை விடலாம். படகுத்துறையில் குடிக்காத, நீந்தத் தெரிந்த ஒருவர் முறை வைத்து நிற்கட்டும். துறைப் பலகையில் நீச்சல்சட்டை இரண்டு தொங்கட்டும். நீலப்பச்சைப் பாசி படிந்திருந்தால் அந்தத் தண்ணீரில் குளிக்கவும் வேண்டாம், கல்லில் ஊற்றவும் வேண்டாம்.

அந்த இரண்டு பெட்டி பியர். ஃபின்னியர்கள் குடிக்கிறார்களே என்று சொல்லாதீர்கள். சவுனாவில் நேரும் மரணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில், இறந்தவர்களில் பாதிப் பேர் மது அருந்தியிருந்தார்கள். சவுனா மரணமே அபூர்வம்தான், ஆனாலும் அந்தப் பாதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போதையில் சூடு தெரியாது, தூக்கம் வரும், உள்ளேயே சாய்ந்துவிடுவார்கள். ஜூஹன்னுஸ் வாரத்தில் ஏரியில் மூழ்கினவர்கள் செய்தி வராத வருடத்தை நான் பார்த்ததில்லை. என் வேண்டுகோள் இதுதான்: பெட்டிகள் காரிலேயே இருக்கட்டும். கடைசி ஆள் சவுனாவை முடித்து, சட்டை மாட்டி, தீயருகே உட்கார்ந்த பிறகு எடுங்கள். அதற்குப் பிறகு யாரும் ஏரிப்பக்கம் போக வேண்டாம், படகைத் தொட வேண்டாம். தம்பிகளில் சிலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை, என் மேல் கோபித்துக்கொள்ளுங்கள்.

குடிக்க வேறு வழி இருக்கிறது. இங்கே கடையில் விற்கும் பீமா என்ற புளித்த பாலை நீங்கள் எல்லோரும் மோருக்கு வாங்குகிறீர்கள். அதில் தண்ணீர் ஊற்றி, உப்பு கூடுதலாகப் போட்டு, இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கலந்து வாசலில் வையுங்கள். வியர்வையில் போன தண்ணீரும் உப்பும் அதில் திரும்பிவிடும். போன வருடம் எங்களோடு வந்த பக்கத்து வீட்டு ஃபின்னியப் பாட்டி மூன்று டம்ளர் குடித்துவிட்டுச் செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு போனார். பிரியாணி சவுனாவுக்குப் பிறகு. வயிறு நிறைய உண்டவனுக்குச் சூட்டில் மயக்கம்தான் வரும். தீயில் மக்கரா (தொத்திறைச்சி) சுடும்போது சைவக்காரர்களுக்கு வாட்டும் பாலாடைக்கட்டி நான்கு பாக்கெட் வாங்கிவிடுங்கள். அதன்மேல் மிளகுப்பொடி தூவினால் தட்டில் மிஞ்சாது. காட்டுத்தீ எச்சரிக்கை அறிவித்திருந்தால் மட்டும் வெளியே தீ மூட்டக் கூடாது, அடுப்பங்கரையில் வாட்டிக்கொள்ளலாம்.

பிர்ச் கிளைகளைக் கட்டி முதுகில் மெல்ல அடித்துக்கொள்வார்களே, தாம்பெரேயில் விஹ்தா என்றும் கிழக்கே வஸ்தா என்றும் சொல்வார்கள். உங்களுக்கும் ஆசை இருக்கும். காட்டில் பழம் பறிக்க யாருக்கும் உரிமை உண்டு, கிளை ஒடிக்க இல்லை. நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். மொக்கிக்காரரிடம் நான் கேட்டுவிட்டேன், வேலியோரத்து மரத்தில் வெட்டிக்கொள்ளச் சொன்னார். பிர்ச் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தள்ளி உட்காருங்கள்.

எல்லோரும் கைபேசியில் 112 அவசர உதவிச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து அழைத்தால் நாம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்; காட்டுப் பாதையில் வழி சொல்லத் திணற வேண்டாம். மொக்கியின் முழு முகவரியையும் ஒரு தாளில் எழுதி, உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டுங்கள். மயங்கியவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் யோசிக்காமல் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரி செலவாகுமோ, நம்மால் தொந்தரவோ என்று தயங்கி நிற்பதும் நம் வழக்கம்தான்.

என்னடா, அக்கா ஒரேயடியாகப் பயமுறுத்துகிறாளே என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் பனிக்காலத்து இருட்டை நான் தாண்டியது சவுனாவால்தான். முதல் இரண்டு வருடம் வேலை, வீடு, ஜன்னலுக்கு வெளியே பனி, பேச ஆளில்லை. ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைப் பிஸ்பலா பகுதியின் ராயபோர்த்தி சவுனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1906-லிருந்து இயங்கிவரும் பொதுச் சவுனா அது, நாட்டில் இன்றும் இயங்குகிறவற்றில் மிகப் பழையது. உள்ளே பத்துப் பெண்கள். பஸ் ஓட்டுகிறவர், டீச்சர், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. கரண்டியை வைத்திருந்தவர் என்னைப் பார்த்து, “போடலாமா?” என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். ஆவி வந்து தோளில் உட்கார்ந்தது. மூச்சை இழுத்துவிட்டபோது, இரண்டு வருடமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இளகிக் கண் வழியாக வந்தது. வியர்வையோடு வியர்வையாக யாருக்கும் தெரியவில்லை. உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், இன்னும் யாரோடும் ஒட்டாதவள். அவளை முதல்முறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போவது நீங்கள்தான். ஸ்பீக்கர் சத்தமும் பந்தயமும் கூச்சலும் இல்லாத ஒரு கால் மணி நேரத்தை அவளுக்குக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் வந்துவிடுகிறேன், அடுப்பு மூட்டும்போது இரண்டு பேர் கூட இருந்து கற்றுக்கொள்ளுங்கள். பீமா ஆறு பாக்கெட் என் கணக்கு. துண்டுகள் யார் கொண்டுவருகிறீர்கள் என்று இன்னும் பட்டியலில் எழுதவில்லை.

கரூர் அம்மாவும் இந்தக் கோடைக்கு வந்திருக்கிறார், பேத்திக்கு ஆறு வயதாகப்போகிறது. முதல் ஈட்டில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில், கீழ்த்தட்டில் அவருக்கு இடம் விடுங்கள். அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
தாம்பெரே